கிறுக்குக்குப் பதியம்

காசு வாங்காமல் மாடாக உழைக்கிற கூட்டம் ஒன்று இந்தக் கோயமுத்தூரில் இருக்கிறது. உங்கள் தெருவிலும் இருக்கும், பாருங்கள். ஆபீசில் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் இடுப்புப் பிடிப்பு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ரோஜாத் தொட்டிக்கு மாடிப்படி ஏறி ஏறி எரு சுமப்பார்கள். ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பழைய பாட்டைப் பாடி, தானே பதிவு செய்து, தானே கேட்டு, தானே கண்ணைத் துடைத்துக்கொள்வார். இன்னொருத்தர் ரயில் இன்ஜினைப் போட்டோ எடுக்கப் போத்தனூர் வரை வெயிலில் போவார். எதுக்குங்க இதெல்லாம் என்று கேட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அந்த வியாதி கிடையாது. சம்பளம் கொடுத்தால் வேலை செய்வேன். கொடுக்காவிட்டால் போய்ப் படுத்துக்கொள்வேன். பீளமேட்டில் 'தளிர்' என்ற ஆராய்ச்சிக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததே இந்தக் குணத்தால்தான்.

தளிரில் ஒரு தலைப்பட்டை செய்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஒருவர் தனக்குப் பிடித்த வெட்டி வேலையைப் பற்றி நினைத்தால் திரையில் ஒரு முள் எழும்பும். கிறுக்கு எவ்வளவோ அவ்வளவு எழும்பும். எந்தக் கருவிக்கும் ஒரு பூஜ்யம் வேண்டுமல்லவா? எதன் மேலும் எந்தக் கிறுக்கும் இல்லாத ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பட்டையை மாட்டி, பூச்செடி, கிரிக்கெட், கச்சேரி, கோலம், நாய்க்குட்டி என்று படம் படமாகக் காட்டினார்கள். முள் செத்துக் கிடந்தது. எங்கள் தலைவர் டாக்டர் ரகோத்தமன் எழுந்து நின்று கைதட்டினார். "இவங்கதான் நம்ம பூஜ்யம்!" என்றார். பிறகு சோதனைக்கு ஆள் பிடிக்கிற பிரிவுக்கே என்னைத் தலைவியாக்கினார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் மருதாசலம்.

இவர் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். அங்கே சொன்னதைச் செய்வார், நேரமானால் வீட்டுக்கு வந்துவிடுவார். இவருடைய நிஜ உத்தியோகம் எங்கள் மொட்டை மாடியில். டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி தேய்ப்பது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஓர் இரும்பு டிரம். அதன் மேல் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி வட்டு. அதன் மேல் இன்னொரு வட்டு. நடுவில் பொடியும் தண்ணீரும். மேல் கண்ணாடியைத் தள்ளு, கொஞ்சம் திருப்பு, ஓர் அடி நகரு. மறுபடி தள்ளு, திருப்பு, நகரு. இப்படியே டிரம்மைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மாதக்கணக்கில் சுற்றினால் மேல் கண்ணாடி நடுவில் குழியும். அந்தக் குழி நட்சத்திரத்தைக் காட்டுமாம். நவக்கிரகத்தைச் சுற்றினாலாவது ஏதாவது தோஷம் கழியும். ஊரே கிரைண்டர் செய்து உலகத்துக்கெல்லாம் விற்கிறது, இந்த மனிதர் கையால் அரைத்துக்கொண்டிருக்கிறார்.

அதிலும் ஆசாரம் வேறு. முதலில் போடுவது முரட்டுக் கருப்புப் பொடி. பிறகு நைசான பொடிகள். கடைசியில் சிவப்புப் பொடியும், தார் போன்ற கீல் பூசிய வட்டும் வைத்துப் பாலிஷ். பாலிஷுக்கு வந்த கண்ணாடியின் பக்கத்தில் கருப்புப் பொடி ஒரு துணுக்கு வந்தாலும் கீறல் விழுந்து அத்தனை உழைப்பும் நாசம். அதனால் ஒரு பொடியிலிருந்து அடுத்த பொடிக்குப் போகும்போது தலைக்குக் குளித்து, நகம் வெட்டி, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் மாடிக்குப் போவார். மருதமலைக்குக் கூப்பிட்டால் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வருகிற மனிதர்!

ஞாயிறு காலை நான் டீ எடுத்துக்கொண்டு மேலே போவேன். கொடுத்துவிட்டு உடனே இறங்க மாட்டேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். கல்யாணமான புதிதிலிருந்து வழக்கம். யாராவது கேட்க வேண்டாமா?

"ஏனுங், இதக் கடைல ரெடிமேடா விக்கிறானுங்களே?"

"விக்கறான்."

"இதைவிட நல்லாவே இருக்கும்?"

"இருக்கும் அம்மிணி."

"அப்பறம் என்ன கெரகத்துக்கு இந்தப் பாடு? முடிச்சுத்தான் என்ன பாக்கப் போறீங்க? எட்டு மணிக்குக் கொட்டாவி, ஒம்பது மணிக்குக் குறட்டை. நட்சத்திரம் என்ன பகல்லயா வரும்?"

பக்கத்தில் நிற்கிற யூசுப் பாய் விழுந்து விழுந்து சிரிப்பார். பாய்க்கு உக்கடத்தில் பேக்கரி. இவருக்கு இந்தக் கிறுக்கில் கூட்டாளி. ஞாயிறு ஆனால் ஒரு பொட்டலம் வர்க்கியோடு வந்துவிடுவார். இரண்டு பேரும் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். இவர் உதட்டைப் பிதுக்கி, "இன்னும் சரியில்ல பாய்," என்பார். பாயும் தலையை ஆட்டுவார். என்ன சரியில்லை என்று நானும் எட்டிப் பார்ப்பேன், குறை சொல்வதற்கு விஷயம் வேண்டுமே என்று.

இந்த நேரத்தில்தான் ரகோத்தமன் சார் பதியத்தைக் கண்டுபிடித்தார்.

செடியில் ஒரு கிளையை வளைத்து வேறு மண்ணில் வேர்விட வைத்து, பிறகு தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடுவோமே, அந்தப் பதியம்தான். ஒருவனுக்குப் பொழுதுபோக்கின் மேல் இருக்கிற கிறுக்கை வளைத்து அவன் சம்பள வேலையில் வேர்விட வைப்பது. கணக்கு எழுத, கடிதம் எழுத, பொட்டலம் கட்ட எல்லாவற்றுக்கும் எந்திரம் வந்துவிட்ட காலம் இது. மிச்சமிருக்கிற மனிதனுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிகளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவர்களிடம் போய் சார் சொன்னார்:

"உங்க ஆளு உங்ககிட்ட காட்டறது கால்வாசி உழைப்பு சார். மீதியை ஞாயித்துக்கிழமைல மீன்தொட்டிக்குக் குடுக்கறான், பட்டத்துக்குக் குடுக்கறான். சும்மா குடுக்கறான்! அந்தச் சும்மாவை உங்களுக்குத் திருப்பி விடறேன்."

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற பம்ப் கம்பெனி முதலாளிக்குக் கண் விரிந்தது. "சும்மாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். முதல் ஆள் யார் என்ற பேச்சு வந்தது. நல்ல முற்றிய கிறுக்காக வேண்டும் என்றார் சார். என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்றேன்.

இவருக்குப் பட்டை மாட்டினோம். கண்ணாடி என்று சொன்னதுமே முள் எகிறி மேல் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார் சார். கேவலமாக இருந்தது எனக்கு. என் பெயரைச் சொன்னபோது அது பாதி வரை போனது.

இவர் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "டாக்டர், இங்கருந்து எடுத்தா, வேணும்கறப்ப திரும்பி வருங்களா?"

"கண்டிப்பா வரும். வேர் அங்கயேதான் இருக்கும்."

இவர் என் பக்கம் திரும்பினார். "கண்ணாடி முடியற நேரம் அம்மிணி. பாலிஷ் இன்னும் கொஞ்சந்தான். முடிச்சுட்டு வரட்டுமா?"

"நீங்க முடிச்சுக் கிழிச்சீங்க. இதோட எத்தன கண்ணாடி, எதை முடிச்சீங்க?"

"உனக்கு இது வேணும்ங்கறயா?"

"வேணும்."

"அப்பச் சரி," என்று பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. நான் ஒரு பெரிய சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், வீணாகப் போயிற்று.

பதியம் பிடித்துக்கொண்டது. மாடியில் கண்ணாடியை ஈரத் துணி போட்டு மூடினார். அடுத்த நாள் விடிவதற்குள் குளித்துத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பம்ப் கம்பெனி வாசலில் போய் நின்றார். வாட்ச்மேன் வந்துதான் கேட்டைத் திறந்தானாம். கண்ணுக்கே தெரியாத குறையெல்லாம் கண்டுபிடித்தார். திரும்பி வருகிற பம்ப்புகள் நின்றுபோயின. முதலாளி எங்கள் வீட்டுக்கு மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். ரகோத்தமன் சார் மேடை மேடையாகப் பேசினார். எதிர்வீட்டு அம்மா, "உன்ற வீட்டுக்காரர் திருந்திட்டாராமே!" என்று பொறாமைப்பட்டாள். கொஞ்ச நாள் எனக்கும் தலைகால் புரியவில்லை.

பிறகு ஆரம்பித்தது கூத்து.

முதலாளி சந்தோஷப்பட்டு ஒரு கவரில் ஊக்கத்தொகை வைத்துக் கொடுத்திருக்கிறார். இவர் அதை மேசை மேல் வீசிவிட்டு, "காசுக்குப் பண்றவன்னு நெனச்சீங்களா என்னை?" என்று கத்தியிருக்கிறார். சம்பளமே வாங்கிக்கொண்டிருக்கிற மனிதர், அது ஞாபகமே இல்லை! பிறகு ஒரு லோடு பம்ப் வெளிநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இவர் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே சுற்றுகிற சக்கரத்தைக் கையால் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கி, "இன்னும் சரியில்லைங்க," என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எப்போது முடியும் என்று கேட்ட மேனேஜருக்கு, "எப்ப சரியாகுதோ அப்ப," என்று பதில். இதில் யாரும் அவசரப்படுத்தினால் கை ஓடாதாம்.

கடைசியில் செய்ததுதான் பெரிய காரியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேய்த்த பம்ப்பில் மிக நல்லதாக ஒன்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு நேரே போட்டிக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒரு டீக்கடை பெஞ்சில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பொழுது சாய்கிற வரை பேசியிருக்கிறார்கள். தண்ணீர் கசியாமல் இருக்க எங்கே என்ன வளையம், அதை எப்படிச் சீவுவது என்று, முதலாளி தன் மச்சானுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ரகசியத்தையெல்லாம் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

முதலாளி தளிருக்கு ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "எதுக்குய்யா அவன்கிட்டப் போய்க் காட்டினே?" என்று எங்கள் எல்லார் முன்னாலும் இவரைக் கேட்டார்.

"வேற யார்கிட்டங்க காட்டறது?" என்றார் இவர். "உங்களுக்கு எத்தன வித்துச்சுங்கறது தெரியும். அவனுக்குத்தான் இது எவ்வளவு அழகா இருக்குன்னு தெரியும்."

முதலாளிக்கு மூச்சு முட்டியது. அவரை அனுப்பிவிட்டு சார் என்னிடம் சொன்னார்: "நளினா, கிறுக்கோட கொஞ்சம் களையும் சேர்ந்து வந்திடுச்சு. காசு வேணாங்கற திமிர், யார் பேச்சும் கேக்காத பிடிவாதம், இன்னொரு கிறுக்கன்கிட்டக் காட்டியே ஆகணுங்கற அரிப்பு. இந்த மூணையும் கத்தரிச்சு விட்டுட்டா சுத்தமான உழைப்பு நிக்கும்."

கத்தரித்தார்கள். மறுநாள் இவர் சரியான நேரத்துக்குக் கம்பெனிக்குப் போனார். சொன்னதைச் செய்தார். ஊக்கத்தொகை எப்போது வரும் என்று கேட்டார். நேரமானதும் வீட்டுக்கு வந்துவிட்டார். பதியத்துக்கு முன்னால் எப்படி இருந்தாரோ அப்படியே.

சார் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "மிச்சம் ஒண்ணும் நிக்கலையே," என்றார்.

"களைன்னு பிடுங்கினது செடியையா சார்?" என்று கேட்டேன். இத்தனை படிப்புப் படித்த மனிதருக்கு இது தோன்றவில்லை. வாழைத் தோலை வீசுகிறேன் என்று பழத்தை வீசிவிட்டு வந்து நிற்கிறார்.

எல்லாவற்றையும் கழற்றி, கிறுக்கை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மருதாசலம் பழையபடி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் மாடிக்குப் போகவில்லை.

சோபாவில் உட்கார்ந்தார். டிவி பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று கேட்டார். நான் சீரியல் பார்க்கும்போது கூடவே உட்கார்ந்து, அந்தப் பெண் யார், இவன் யாருக்கு மகன் என்று விசாரித்தார். கடைக்குக் கூப்பிட்டால் வந்தார், பையைத் தூக்கினார். எத்தனை வருஷமாக நான் மன்றாடிக் கேட்டது அத்தனையும் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னாள்.

ஞாயிறு காலை பழக்க தோஷத்தில் டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். டிரம் காய்ந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். திட்டுவதற்கு அங்கே ஒரு காக்கை மட்டும்தான் இருந்தது. கீழே சோபாவில் இருப்பவரைத் திட்டலாம் என்றால், சோபாவில் உட்கார்ந்திருப்பவரை என்னவென்று திட்டுவது? ஊரில் எல்லாப் புருஷனும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

யூசுப் பாய் வர்க்கிப் பொட்டலத்தோடு வந்தார். இவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப்போய், ஈரத் துணியை எடுத்து, கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். இவர் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது பாய்," என்றார். "நீங்களே எடுத்துட்டுப் போயி முடிச்சுக்குங்க. எனக்கு மேட்ச் ஆரம்பிச்சுரும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பாய் கண்ணாடியைக் குழந்தையைக் கிடத்துவது போலத் திருப்பி வைத்தார்.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு தங்கச்சி," என்றார். "இந்த வார்த்தை இவரு வாயிலருந்து இதுவரைக்கும் வந்ததில்ல."

"நல்லா இருந்தா நல்லாருக்குன்னு சொல்லக் கூடாதா பாய்?"

"சரியில்லன்னு சொன்னாத்தான தங்கச்சி அடுத்த ஞாயித்துக்கிழமை உண்டு? முடியப்போற கண்ணாடின்னாலே இவருக்கு ஆகாது. போன கண்ணாடி முடியற நேரத்துல ஒரு பெரிய கீறல் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? மனுசன் ஒடஞ்சு போயிருப்பாருன்னு பிரியாணி கட்டிட்டு ஓடி வந்தேன். விசில் அடிச்சுக்கிட்டு டிரம்மைக் கழுவிட்டிருந்தாரு!"

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த விசிலுக்காக அன்றைக்கு நான் திட்டிய திட்டுகூட வரிசையாக ஞாபகம் இருந்தது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணாடியை எடுத்துப் போகவில்லை.

நான் சாரிடம் போய்க் கேட்டேன். "திரும்பி வரும்னு சொன்னீங்களே, எங்க சார்?"

"வேர் அங்கயேதான் இருக்கு நளினா. துளிர்க்கணும். அதுக்கு என்ன பண்றதுன்னு எங்களுக்குத் தெரியலை," என்று உதட்டைச் சுழித்தார். பிறகு உடனே வேறு பேச்சு. ஜவுளி மில்லிலிருந்து ஆட்கள் பார்க்க வந்திருக்கிறார்கள், கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும், பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மனிதனைக் காலி செய்துவிட்டு அடுத்த மில்லுக்குக் கடை விரிக்கிறார்! மாட்டிக்கொண்டேன், சம்பளம் வாங்குகிறேனே.

பூச்செடி, கிரிக்கெட், கச்சேரி. முள் வழக்கம் போலச் செத்துக் கிடந்தது. மில்காரர்கள் தலையாட்டினார்கள். பேச்சுவாக்கில் அவர்களில் ஒருவர், "உங்க வீட்டுக்காரருக்குத்தானுங்களே மொதல்ல பண்ணினது? அவருக்கு என்னங்க கிறுக்கு?" என்று கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க," என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. டிரம்மைச் சுற்றுவதைச் சொன்னேன். எழுந்து நின்று சுற்றியும் காட்டினேன். கருப்புப் பொடிக்கு ஒரு குளியல், சிவப்புப் பொடிக்கு ஒரு குளியல். கீலைச் சூடாக்கி விரலால் அழுத்திப் பார்த்து, நகம் பதிகிற பதம் வந்துவிட்டதா என்று தவிக்கிற தவிப்பு. தண்ணீர் ஒரு சொட்டு அதிகமானால் ஒரு முகம், குறைந்தால் ஒரு முகம். தள்ளு, திருப்பு, நகரு. நடுவில் திருப்ப மறந்துவிட்டால் பாவம் செய்தவர் போலக் கன்னத்தில் போட்டுக்கொள்வார் என்று அதையும் செய்து காட்டினேன். மில்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ரகோத்தமன் சார் மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

முள் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நளினா," என்றார் சார். "மருதாசலத்துக்கு வந்த அதே அளவு. இத்தனை வருஷமா தப்பான படத்தைக் காட்டிட்டு இருந்திருக்கோம். அந்தாளைத் திட்டறதுதான் உங்களுக்கு!" பிறகு அவர் முகம் மலர்ந்தது. "என்னா ஒரு உழைப்பு! இதை அப்படியே வருஷாந்திர மதிப்பீட்டு வேலைக்குப் பதியம் போட்டா, ஊழியர்கள்ல ஒருத்தன் குறையும் தப்பாது. நீங்கதான் சரியான—"

பட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். "இதுல எங்கயும் யாரும் கை வைக்கறதா இருந்தா விரலை ஒடிச்சிருவேன் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பம்ப்பு முதலாளியிடம் என் வீட்டுக்காரர் கத்தியது போலவே கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஆட்டோவில் வரும்போது அழுகை வந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாக அழுதேன். 'உனக்கு இது வேணும்ங்கறயா' என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் குடைந்தது. என் வாய்க்கு ஒரு நாள்கூடப் பதில் சொல்லாத மனிதர். நான் என்ன கேட்டாலும் 'இருக்கும் அம்மிணி' என்பவர். அந்தக் கிறுக்கையே நான் கேட்டதும் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவர் குளித்து, சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து டிவியைப் போட்டார். நான் வெளிக் குளியலறைக்குப் போனேன். அடுப்பங்கரைக்குப் போவதாக நினைத்திருப்பார்.

சிறிது நேரம் கழித்து மாடிக்குப் போனேன். பழைய அடிக் கண்ணாடி வட்டை டிரம் மேல் வைத்தேன். ஈரத் துணியை விலக்கி, பாலிஷ் ஆகி ஜலம் போல இருந்த கண்ணாடியைத் தூக்கினேன். என் முகம் அதில் பெரிதாகத் தெரிந்தது, மூக்கு கண்றாவியாக இருந்தது. பொடியை அள்ளித் தூவி, தண்ணீர் தெளித்து, கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். தள்ளினேன்.

அந்தச் சத்தத்தில் எனக்கே பல் கூசியது. சரளைக் கல்லின் மேல் இரும்புக் கட்டிலை இழுத்தால் வருமே, அப்படி. எங்கள் மாடிக்கு நேர் கீழேதான் சோபா. இரண்டாவது தள்ளுக்கு டிவி சத்தம் நின்றது. மூன்றாவது தள்ளுக்குப் படிக்கட்டில் காலடி கேட்டது. இவர் இவ்வளவு வேகமாகப் படியேறி நான் பார்த்ததே இல்லை.

"ஏய்! ஏய்! நிறுத்து!"

என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டார். கண்ணாடியை எடுத்துத் தண்ணீரில் கழுவினார், வெயிலில் சாய்த்தார். குறுக்கும் நெடுக்குமாக உழுத வயல்போலக் கிடந்தது. அவர் ஒரு கீறலை விரலால் தடவினார். இதற்கும் 'நல்லாத்தான் இருக்குது' என்று சொல்லிவிட்டால் என் கதி என்ன?

"அட கெரகமே," என்றார். "எந்தப் பொடியப் போட்ட?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ ஒரு டப்பா."

"குளிச்சியா?"

"எதுக்குக் குளிக்கணும்? கோயிலா இது?"

"மனுசி பண்ற வேலையா இது? இப்படியாடி அழுத்தறது? கைய இப்படியா பிடிக்கறது? போச்சு. அத்தனையும் போச்சு. இனி எல்லாம் மொதல்ல இருந்துதான்!"

என்னை 'டி' போட்டு அவர் பேசியது அன்றைக்குத்தான். திட்டிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். திட்டிக்கொண்டே வாளியில் தண்ணீர் பிடித்தார். டிரம்மைக் கழுவும்போது திட்டு மெல்ல மெல்லக் குறைந்தது. குறைந்து, குறைந்து, பிறகு ஒரு விசில் சத்தம் கேட்டது. அந்த மூஞ்சியில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே நீங்கள். வெட்கங்கெட்ட மனிதர்.

"பாய்க்குப் போன் போடு," என்றார், திரும்பாமல். "கருப்புப் பொடி பத்தாது, வாங்கிட்டு வரச் சொல்லு."

போட்டேன். பாய் போனிலேயே அழுதார். அவரும் ஒரு கிறுக்கு.

கீழே போய் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றேன். இவர் சுற்ற ஆரம்பித்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முதுகில் வியர்வை வழிந்தது.

"ஏனுங், இதக் கடைல ரெடிமேடா விக்கிறானுங்களே?"

"விக்கறான்."

"அப்பறம் என்ன கெரகத்துக்கு இந்தப் பாடு?"

ஒரு சுற்று முழுக்க வந்தார். எனக்கு முதுகு காட்டி நிற்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மிணி, கருப்புப் பொடிய நான் வெளிக் குளியலறைப் பரண்ல, உடைஞ்ச குக்கருக்குள்ள, பழைய பெயின்ட் டப்பால வெச்சிருந்தேன். பாய்க்குக்கூடத் தெரியாது. உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

டீயை ஆற்றினேன். ஆற்றி முடித்து இன்னொரு முறையும் ஆற்றினேன்.

"தள்ளறீங்க, நகர்றீங்க," என்றேன். "கண்ணாடியத் திருப்ப மறந்துட்டீங்க."

குனிந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருப்பினார்.